பசுவின் சினைப்பருவம் கண்டறிதல்

சினைப்பருவம் என்பது பசு இனச்சேர்க்கைக்கு இணங்கும் குறுகிய காலம் ஆகும். சினையுறாத பசுவில் இது சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை தோன்றி, பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் வரை நீடிக்கும். மிகுதியாகப் பால் தரும் பசுக்களில் இன்னும் குறையலாம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மூன்று வாரங்கள் வீணாகும்.

அறிகுறிகள்

மற்றொரு மாடு தன்மீது தாவும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அறிகுறி. தாவும் மாடு பருவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒற்றைப் பசுவைக் கட்டி வளர்ப்போருக்கு இவ்வறிகுறி கிட்டாது. அவர்கள் கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் ஒழுகுதல், அமைதியின்மை, பால் குறைதல், அடிக்கடி கத்துதல் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும் (கத்துவது பசியாலும் இருக்கலாம்). இரவிலும் விடியற்காலையிலும் அறிகுறிகள் மிகுவதால் பகலில் மட்டும் பார்ப்பது போதாது.

கருவூட்டும் நேரம்

பருவம் முடிந்து ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிப்படுகிறது. ஆகவே காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவர். 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் நடத்திய ஆய்வுகள் இவ்விதிக்கு அடிப்படையாயின.

பருவம் முடிந்து ஓரிரு நாட்களில் சில பசுக்களில் சிறிது இரத்தம் கசியும். இது சினை பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ அடையாளம் அன்று. அப்போது ஊசி போட்டுப் பயனில்லை. எனினும் அந்நாளைக் குறித்து வைத்தால், கருவூட்டப்படாத பசுவில் அடுத்த பருவத்தைச் சுமார் 19 நாட்களில் எதிர்பார்க்கலாம்.