ரூனா மெல்ட்டுக்குப் புள்ளி போட்ட கதை

போன செமஸ்டர் சோதனை முடிய, எங்கட பட்ச்சில் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் புதுசு புதுசாகத் திறக்கிற கஃபேக்களுக்குப் போய் ரூனா மெல்ட் சாப்பிட்டுப் புள்ளி போடுவது. ரின் சூரை மீனை மயோனைஸும் வெங்காயமும் போட்டுக் குழைத்து, பாணில் வைத்து, மேலே சீஸ் போட்டு, அது உருகும் மட்டும் சுட்டால் ரூனா மெல்ட். கொப்பியில் அஞ்சு நிரல் கீறினோம்: மீன், பாண், சீஸ், சூடு, விலை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. ஒரு கடையில் சீஸ் உருகவே இல்லை. இன்னொன்றில் மீனைவிட வெங்காயம்தான் கூட. மூன்றாவது கடையில் பாண் நல்லா முறுகி, சீஸ் நூல் மாதிரி இழுபட்டு வந்தது. 50க்கு 43 குடுத்தோம்.

நாலாவது கடையில் சாப்பாடு வரும் வரைக்கும் இருக்கேக்க எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதை முதல் முதல் ஆர் செய்தது?" வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு இரவே தேடத் தொடங்கினோம்.

மீனில் இருந்து தொடங்குவோம். 1900களின் தொடக்கம் வரைக்கும் அமெரிக்காவில் சூரையை ரின்னில் அடைக்கிற வழக்கம் இல்லை. தெற்குக் கலிபோர்னியாவில் ரின்னுக்குள் போனது சாளை மீன்தான். 1903இல் சாளை பிடிபடுவது குறைந்துபோக, சான் பெத்ரோ துறைமுகத்தில் தொழிற்சாலை நடத்திய அல்பேர்ட் ஹாஃப்ஹில் என்பவர் அல்பகோர் என்ற சூரை வகையை அவித்து அடைத்துப் பார்த்தார். அவித்த சதை வெள்ளையாக, கோழி இறைச்சி மாதிரி இருந்ததால் சனத்துக்குப் பிடித்துக்கொண்டது. முதலாம் உலகப் போர் வர, கெட்டுப்போகாத மலிவான சாப்பாடு தேவைப்பட்டது. ரின் சூரை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

அந்தச் சூரையைப் பிடித்தவர்களில் பெரும்பங்கு யப்பானில் இருந்து குடியேறிய மீனவர்கள். மூங்கில் தடியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்கிற முறையை அங்கே பரப்பியது அவர்கள்தான். சான் பெத்ரோவுக்கு எதிரே உள்ள ரேர்மினல் தீவில் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட மீனவக் கிராமம் ஒன்று உருவானது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் ரின் தொழிற்சாலைகளில் மீன் வெட்டினார்கள். 1941 டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் அந்தக் கிராமமே சந்தேகத்துக்குள் விழுந்தது. 1942 பெப்ரவரியில், 48 மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லிக் கட்டளை வந்தது. படகு, வலை, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு வித்துப்போட்டுப் போனார்கள். பிறகு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். கிராமம் இடித்துத் தள்ளப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு வீடு இல்லை.

இதை வாசித்துவிட்டுக் கனநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. 48 மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போவது என்றால் என்ன என்று எங்கட வீடுகளில் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பாணுக்கும் சீஸுக்கும் கதை சின்னது. ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் இலகுவில் பழுதாகாத பதப்படுத்திய சீஸுக்கு 1916இல் காப்புரிமை எடுத்தார். வெட்டிய பாண் 1928இல் மிசூரி மாநிலத்தில் விற்பனைக்கு வந்தது. ரின் மீன், வெட்டிய பாண், பதப்படுத்திய சீஸ் மூன்றும் இருந்தால் அஞ்சு நிமிசத்தில் சாப்பாடு ரெடி. பெரிய கடைகளுக்குள்ளே நீளமான மேசையும் உயரமான கதிரைகளும் போட்டு, வேலைக்குப் போற சனத்துக்கு மத்தியானச் சாப்பாடு குடுத்த 'லஞ்ச் கவுண்டர்'களுக்கு இப்படியான சாண்ட்விச் நல்லாப் பொருந்தியது.

இனி, அவள் கேட்ட கேள்வி. 1960களின் நடுவில் தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரில், ஒரு லஞ்ச் கவுண்டரில், சுட்டுக்கொண்டிருந்த சீஸ் சாண்ட்விச்சின் மேல் ரூனா கலவை தவறி விழுந்ததாம். அப்படித்தான் ரூனா மெல்ட் பிறந்ததாம். இது வாய்வழிக் கதை, ஆதாரம் இல்லை. ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த ஊரும் காலமும்தான். அதே சார்ள்ஸ்ரனில், 1960 ஏப்ரல் 1இல், கறுப்பினப் பள்ளி மாணவர்கள் 24 பேர் ஒரு லஞ்ச் கவுண்டரில் போய் இருந்தார்கள். சாப்பாடு குடுபடவில்லை. கைது செய்யப்பட்டார்கள்.

அவர்களுக்கு வழி காட்டியது வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி, முதலாம் வருடப் பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் வூல்வேர்த் கடைக்குப் போய், சாமான் வாங்கிவிட்டு, லஞ்ச் கவுண்டரில் இருந்து கோப்பி கேட்டார்கள். அந்தக் கடையில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், சமைக்கவும் கழுவவும் செய்யலாம். கவுண்டரில் இருந்து சாப்பிட மட்டும் ஏலாது. கோப்பி வரவில்லை. கடை பூட்டும் வரைக்கும் அவர்கள் எழும்பவில்லை. அடுத்தடுத்த நாள் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஜூலை 25இல் கடை இறங்கி வந்தது. அன்றைக்கு முதலில் இருந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையின் கறுப்பின ஊழியர்களே. ஜெனீவா டிஸ்டேல் என்ற பெண் சாப்பிட்டது ஒரு முட்டை சாண்ட்விச். உணவகங்களில் இந்த ஒதுக்கலை நாடு முழுக்கத் தடை செய்த சட்டம் வர 1964 ஆனது.

எங்களில் ஒருத்தி இந்தக் கதையை வீட்டில் அம்மப்பாவுக்குச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "உதுக்கு ஏன் பிள்ளை அமெரிக்காவுக்குப் போறாய்? இஞ்சயும் அப்பிடித்தானே." இளவயதில் அவர் தேத்தண்ணிக்கடைக்குள் இருந்து குடித்ததில்லையாம். வெளியே நிற்க, போத்தலில் ஊற்றிக் குடுப்பார்களாம்.

சாதியின் பேரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்துக்கு ஏழு வருடம் முந்தி! ஆனால் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் பல இடங்களில் வாங்கும் போத்தலும் தனிப் பேணியும் தொடர்ந்தன. சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களை நடத்தியது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிஸ் தாக்கியது. அதற்குப் பிறகுதான் போராட்டம் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் இன்னும் சூடு பிடித்தது.

கிறீன்ஸ்பரோவின் நாலு மாணவர்களைப் பற்றி எங்களால் ஒரு இரவில் கனக்க வாசிக்க முடிந்தது. சுன்னாகத்தில் நடந்தவர்களைப் பற்றிப் பாடசாலையில் ஒரு வரியும் படித்ததாக ஞாபகம் இல்லை. அதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கொப்பி இன்னும் இருக்கிறது. 43 புள்ளி எடுத்த கடைக்கு அதே 43தான்; சாண்ட்விச் ருசிதான், அதில் மாற்றம் இல்லை. ஆறாவது நிரல் ஒன்று கீறலாமா என்று யோசித்தோம், ஆனால் இதுக்குப் புள்ளி போட ஏலாது. பதிலாக, நாலு பேரும் அவரவர் வீட்டில் ஒரு கேள்வி கேட்கிறதென்று முடிவெடுத்தோம்: அந்தக் காலத்துத் தேத்தண்ணிக்கடையில் எங்கட ஆக்கள் வாங்கில் இருந்தவையா, போத்தலோட வெளியில் நிண்டவையா, அல்லது ஊற்றிக் குடுத்தவையா? மூன்று வீட்டில் பதில் வந்துவிட்டது. ஒரு வீட்டில் இன்னும் கதையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கோ. கேட்கக்கூடிய ஆக்கள் இருக்கும்போதே கேளுங்கோ.