பொன் கொடுத்து ஏறிய கரை

வெளிநாட்டில் ஒரு கடையையோ தொழிலையோ விலைக்கு வாங்கி, அதன் பேரில் அங்கே குடியிருக்கும் உரிமை பெறுவதை இக்காலத்துப் புதுமை எனப் பலரும் கருதுகின்றனர். 'முதலீட்டாளர் விசா' என்னும் பெயர் வேண்டுமானால் புதியதாகலாம். முதலைக் காட்டி அயல்மண்ணில் அடிவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் பழையது. அவ்வழக்கம் ஈட்டித் தந்த செல்வத்தைப் பேசும் நாம், அது முடிந்த விதத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் துறைக்கு அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டினது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு அதனைப் பொறித்தது. கப்பல் தலைவன் முதலியோர், கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே பாவாடை மீது ஏறலாம் என்பது அதன் செய்தி. கரையேறுவதற்குக் கட்டணம் உண்டு என்பது தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி.

இவ்வழக்கத்தின் பெருங்கதை நாட்டுக்கோட்டை நகரத்தாருடையது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. காடழித்துக் கழனியாக்கும் உழவனுக்கு முன்பணம் தேவை. ஆங்கிலேய வங்கிகளோ அவனிடம் செல்லா. அந்த இடைவெளியில் செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் எழுந்தன. 1930இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அங்கே ஏறத்தாழ 1,650 கடைகளும், அவற்றில் 75 கோடி ரூபாய் அளவுக்கு முதலும் இருந்தன.

இங்கே இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, அவர்கள் குடிபெயரவில்லை. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவர் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிக் கப்பலேறினார். கிட்டங்கியில் உண்டு உறங்கிக் கணக்கெழுதி, தவணை முடிந்ததும் ஊர் திரும்பினார். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். முதல் மட்டுமே நிலையாகக் கடல் கடந்திருந்தது. இரண்டாவது, அவர்களுக்கு நுழைவு அனுமதியே வேண்டியிருக்கவில்லை. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி இரங்கூனில் இறங்குபவர் சட்டப்படி நாடு மாறவில்லை.

1930களில் இவ்விரண்டும் எதிராகத் திரும்பின. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. உழவரால் கடனை அடைக்க இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நிலம் அவர்கள் நாடிய பொருளன்று. புழங்கும் பணமே அவர்தம் தொழிலின் உயிர். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு இந்த நுட்பம் எதற்கு? தன் வயலில் தானே குத்தகையாளாய் நின்ற அவனுடைய கசப்பு நியாயமானது. அந்தப் பக்கத்தையும் எழுதாத வரலாறு அரை வரலாறு.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. செட்டியார்கள் இருந்த இடத்திலேயே அயலார் ஆயினர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பலர் காட்டுவழியில் மாண்டனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஈராண்டுக்குள் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. திரும்பி வந்தோரில் சிலர் கடைவிரித்த சென்னைக் கடற்கரைச் சாலைப் பகுதியே பர்மா பஜார்.

நகரத்தார் சென்ற இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூர் டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. இன்று நம் வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சுற்றியுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் காட்சி தலைகீழாயிருக்கிறது. கொரியரும் ஜப்பானியரும் முதலோடு இங்கே வருகின்றனர். நாம் வரவேற்கும் கரையாக நிற்கிறோம். அயல்நாட்டு முதலீட்டாளர்க்கு நிரந்தரக் குடியிருப்புத் தகுதி வழங்கும் திட்டத்தை 2016இல் இந்திய அரசும் ஏற்றது: 18 மாதத்தில் 10 கோடி, அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய் முதலீடு, இந்தியர் இருபது பேர்க்கேனும் வேலை. முதல் வருவதைப் போலவே போகவும் செய்யும் என்பதையும் இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது.

எதிர்த்திசையில் செல்லும் நம்மவர்க்கும் விதிகள் இவ்வாறே. ஒரு தொழிலை வாங்கி நடத்துவோர்க்கு அமெரிக்கா தரும் ஒப்பந்த முதலீட்டாளர் விசா இந்தியக் குடிமக்களுக்குக் கிட்டாது. அதற்குரிய ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே இல்லை. 1990இல் அந்நாடு ஏற்படுத்திய வேறொரு வழிக்கு, 2022இன் சட்டம் குறைந்த அளவாக 8 இலட்சம் டாலர் கேட்டது. பத்து வேலைகளையும் உருவாக்கவேண்டும். பிரிட்டன் 2008இல் திறந்த முதலீட்டாளர் வாயிலை 2022 பிப்ரவரியில் அறிவித்த அன்றே அடைத்துவிட்டது.

ஒரு வேறுபாடு உண்டு. நகரத்தார் முதலை அனுப்பிவிட்டு வீட்டை ஊரில் வைத்திருந்தனர். இழந்தபோது திரும்பிவர ஒரு வாசல் இருந்தது. இன்று செல்பவர் ஊர் வீட்டை விற்றே முதல் சேர்க்கிறார். எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்பதோடு அவர் நிற்கலாகாது. காற்று மாறினால் எந்தச் சட்டத்தின் மேல் நிற்போம் என்பதே பர்மா நமக்கு விட்டுச்சென்ற கேள்வி. பொன் கொடுத்துக் கரையேறலாம். கரை நம்முடையதாவதற்குப் பொன் மட்டும் போதாது.