தானாக மறையும் பெருங்குடல் புற்றுநோய்: ஒரு கேள்வியின் வரலாறு (1891–2022)

முன்னுரை

சிகிச்சை ஏதும் பெறாமலோ, போதாத சிகிச்சை மட்டும் பெற்றோ புற்றுக்கட்டி சுருங்கி மறைவது மிக அரிது. 60,000 முதல் 1,00,000 நோயாளிகளில் ஒருவர் என்ற மதிப்பீடு மருத்துவ இலக்கியத்தில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அதிலும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களின் பங்கு மிகச் சிறியது. ஆயினும், இந்நிகழ்வுக்கான காரணம் தெளிவாகப் புலப்படத் தொடங்கியுள்ள இடங்களில் இதுவும் ஒன்று. நீண்ட காலம் அது புலப்படாமல் போனதற்கு, புற்றுநோய்களை உறுப்பின் பெயரால் வகைப்படுத்திய மரபும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காய்ச்சலில் தேடிய காரணம்

1891-ஆம் ஆண்டு நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, பழைய மருத்துவமனைப் பதிவேடுகளில் ஒரு ஜெர்மானியக் குடியேறியின் குறிப்பைக் கண்டார். அவருடைய கழுத்தில் இருந்த சார்கோமா கட்டி, பலமுறை அறுத்தெடுத்தும் மீண்டும் வளர்ந்தது. பின்னர் எரிசிபெலஸ் எனும் தோல் தொற்று கண்டு, கடும் காய்ச்சலுக்குப் பின் கட்டி மறைந்திருந்தது. கோலி அவரைத் தேடிப் பிடித்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்தும் நோயின் சுவடே இல்லை.

காரணம் தொற்றில்தான் இருக்கிறது என்று முடிவு செய்த கோலி, முதலில் உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களையும், பின்னர் கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவையையும் நோயாளிகளுக்குச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. கலவையின் வீரியமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறியது. கதிர்வீச்சு மருத்துவம் வளர வளர, கோலியின் முறை ஓரங்கட்டப்பட்டது.

உறுப்புவாரியான கணக்கு

தனித்தனிக் கதைகளாக இருந்தவற்றை ஆய்வுப் பொருளாக்கியவர்கள் அமெரிக்க அறுவை மருத்துவர்களான டில்டன் எவர்சன், வாரன் கோல் இருவரும். 1966-இல் வெளிவந்த நூலில், உலகெங்கும் பதிவான நேர்வுகளைச் சலித்து 176-ஐ மட்டும் ஏற்றனர். கட்டி சுருங்குவதைக் குணமடைதலாகக் கொள்ளக்கூடாது என்றும் வரையறுத்தனர். சிறுநீரகப் புற்று, நியூரோபிளாஸ்டோமா, மெலனோமா, கோரியோகார்சினோமா ஆகிய நான்குமே பாதிக்கு மேற்பட்டவை. பெருங்குடல், மலக்குடல் சார்ந்தவை 7.

இந்த 7 என்ற எண்ணை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். குடல் புற்று உறுதியானதும் விரைவில் அறுவை செய்வதே வழக்கம்; ஆகவே கட்டி என்ன ஆகிறது என்று கவனித்திருக்க அவகாசமே இல்லை. சிறிய கட்டியாக இருந்தால், பயாப்சியின்போதே முழுவதும் அகற்றப்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயமும் எழும்.

நோயாளியின் குருதியில் தேடிய காரணம்

1968-இல் பாஸ்டனில் அறுவை மருத்துவப் பயிற்சியில் இருந்த ஸ்டீவன் ரோசன்பெர்க்கிடம், பித்தப்பைக் கோளாறுடன் ஒருவர் வந்தார். 12 ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்ததால், முழுவதும் அகற்ற முடியாமல் விடப்பட்டவர் அவர். இப்போது வயிற்றைத் திறந்து பார்த்தபோது புற்றே இல்லை. அவருடைய குருதியை வேறொரு புற்றுநோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார் ரோசன்பெர்க், பலனில்லை. ஆயினும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1985-இல் இன்டர்லூகின்-2 கொண்டு நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டி, சிலரின் கட்டிகளைச் சுருங்கச் செய்தார்.

கட்டிக்குள்ளேயே இருந்த காரணம்

கோலி தொற்றையும் ரோசன்பெர்க் நோயாளியின் உடலையும் ஆராய்ந்தனர். 1993-இல் பார்வை கட்டியின் மரபணுக்களுக்குத் திரும்பியது. குடல் புற்றுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில், டிஎன்ஏ பிரதியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதடைந்திருப்பது தெரியவந்தது. இக்கட்டிகளில் மரபணுப் பிழைகள் ஏராளமாகக் குவிகின்றன. அவற்றால் உருவாகும் அந்நியப் புரதத் துணுக்குகளை டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் அடையாளம் காண்கின்றன. குடல் கட்டிக்குள் திரளும் டி செல்களின் வகையும் அடர்த்தியும் நோயின் போக்கைக் காட்டும் என்பதை 2006-இல் பாரிசில் ஜெரோம் காலோன் குழுவினர் நிறுவினர்.

சோதனை 2015-இல் வந்தது. டி செல்களுக்குக் கட்டி இடும் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து, திருத்த அமைப்பு பழுதான குடல் புற்றுநோயாளிகள் 10 பேரில் 4 பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. பழுதில்லாத 18 பேரில் ஒருவருக்கும் பலன் தரவில்லை. 2022-இல், பழுதுள்ள மலக்குடல் புற்றுக்கு டோஸ்டார்லிமாப் மட்டுமே பெற்றுச் சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முற்றாக மறைந்தது. இந்த ஆய்வு நடந்த நியூயார்க் நிறுவனம், கோலி பணியாற்றிய மருத்துவமனையின் வழிவந்ததே.

இந்த வெளிச்சத்தில் பழைய புதிருக்கும் பொருள் கிடைத்தது. கொலனோஸ்கோபிக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட வாரங்களில் கட்டி மறைந்ததாக ஜப்பானிலிருந்து அண்மைக் காலத்தில் வந்த அறிக்கைகளில், மரபணுச் சோதனை செய்யப்பட்ட பல கட்டிகள் இந்தப் பழுதுள்ள வகையே. குறுக்குக் குடல் போன்ற மேற்பகுதிகளில் அமைந்தவை அவற்றில் கணிசம்.

முடிவுரை

உறுப்பின் பெயரால் எண்ணியபோது, குடல் புற்று ஒரே நோயாகத் தெரிந்தது. அதனுள் இருந்த 15 விழுக்காட்டுத் தனிவகை கணக்கில் கரைந்துபோனது. மரபணுவால் பிரித்த பிறகே அத்தகைய நேர்வுகளுக்கு விளக்கம் கிடைக்கத் தொடங்கியது. எனினும் பழுதுள்ள கட்டிகளிலும் பெரும்பாலானவை தாமாக மறைவதில்லை. எவை மறையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. முதன்மைக் கட்டி காணாமற்போனாலும் நிணநீர்க் கணுவில் நோய் எஞ்சியிருக்கலாம். எனவே இந்த வரலாறு சிகிச்சையைத் தள்ளிப்போட எவருக்கும் இடம் தரவில்லை. குடல் புற்று உறுதியான ஒவ்வொருவரின் திசுவிலும் திருத்த அமைப்பைச் சோதிக்க வேண்டும் என்பதற்கே அது வலுச்சேர்க்கிறது.