லகுகலக் குளமும் ஆனை பார்க்கிற வேலையும்

நம்மட பாலமுனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் போய், மொனராகலை வீதியால உள்ளுக்குத் திரும்பினால் லகுகலக் குளம் வரும். நம்மில் கனபேருக்கு அது பஸ் ஜன்னலால ஆனை பார்க்கிற இடம். 1960களின் கடைசியில், அப்படி ஆனை பார்ப்பதையே வேலையாகச் செய்த ஒருவர் இந்தப் பக்கம் இருந்தார்: விலங்கியலாளர் ஜோர்ஜ் மெக்கே. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் இலங்கையில் தொடங்கிய யானை ஆய்வுக்காக வந்தவர்.

ஆய்வுக்கென்று வந்து நம்மட நாட்டு இயற்கையில் கிறங்கினவர்கள் அவருக்கு முன்னரும் இருந்தார்கள். 1881இல் வந்த ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், வெலிகமத் தங்குமடத்தையே ஆய்வுகூடமாக்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். அதோடு படமும் வரைந்தார், பயணக் கடிதங்களும் எழுதினார். அவர் சேகரித்தவை பெட்டிபெட்டியாக ஜெர்மனி போயின. ஆனையைப் பெட்டியில் அடைக்க ஏலாதே! அதுகளை அதுகளின் இடத்திலேயே இருந்து பார்க்கத்தான் வேணும். காட்டை ரசிக்கிறதுக்கும் ஆய்வுக்கும் தேவை ஒரே பொறுமைதான். ஆனை எதைத் தின்னுது, எந்தக் காலத்தில் எங்கே நகருது, யாரோடு கூடி நிற்குது என்று பார்த்தவற்றை மெக்கே 1973இல் ஒரு நூலாக வெளியிட்டார். தென்கிழக்கு இலங்கை யானைகள் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப்போகிறார்கள்.

இன்னொரு விஷயம். நாம காடு என்று ரசிக்கிற லகுகல, மனிசர் கட்டின பழைய குளம். வெயில் காலத்தில் தண்ணி வற்ற, சிங்களத்தில் 'பெரு' என்கிற உயரமான புல் அங்கே செழித்து நிற்கும். அதைத் தேடித்தான் ஆனைகள் கூட்டமாக வரும். வேளாண்மைக்குக் கட்டின குளம் ஆனைகளுக்குச் சஹனாகிவிட்டது.

நாம வைக்கிற இன்னொரு சஹனும் இருக்கு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், 8 வருசத்தில் ஏறக்குறைய 20 ஆனைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அங்கே கொட்டப்பட்டது நம்மட பக்கத்து ஊர்களின் குப்பை.

ஆனை எதைத் தின்னுது? மெக்கே கேட்ட அதே கேள்விக்கு இன்றைக்கு நாமும் விடை சொல்லவேண்டியிருக்கு. வட்டைக்குள் ஆனை இறங்கினால் வெடி கொளுத்துகிறோம், போன் தூக்கிப் படம் எடுக்கிறோம். அது வந்த நாள், வந்த வழி, தின்றது என்ன என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறதுக்கு ஸ்மித்சோனியன் வரவேணும் என்றில்லை. வட்டைக்கரையில் பொறுமையாக இருக்கத் தெரிஞ்ச நாலு பேர் போதும்.