தமிழ்ப்பள்ளி: எண்கள் சொல்லும் வரலாறு



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடைபெறும் வேளைகளில், "தமிழ்ப்பள்ளிகள் குறைந்துகொண்டே போகின்றனவே, இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்?" எனப் பெற்றோர் என்னிடம் வினவுவதுண்டு. இவ்வினாவிற்கு வரலாற்றைக் கொண்டு விடையளிப்பதே முறை எனக் கருதுகின்றேன்.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம். ஆயினும், பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்களில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ பாடம் நடத்தினார். நிலமும் கட்டடமும் தோட்டத்திற்கே உரியவையாக இருந்தன. அதன் விளைவு இன்றுவரை நம்மைத் தொடர்கின்றது.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகளும் ஏறத்தாழ 50 ஆயிரம் மாணவர்களும் இருந்தனர். அதாவது, ஒரு பள்ளிக்குச் சராசரியாக அறுபது பேர்கூட இல்லை. அதன் பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் நகர்ப்புறம் நோக்கி நகர்ந்தனர். பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன, சில உரிமத்தோடு இடம்பெயர்ந்தன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 530.

ஆனால், 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதைப் பலர் அறியார். பள்ளிகள் குறைந்தும் மாணவர்கள் இரட்டிப்பாயினர்! ஆகவே அந்தக் குறைவைத் தமிழ்க் கல்வியின் தேய்வு எனக் கூறுதல் பொருந்தாது. கவலைக்குரியது அதற்குப் பின் நேர்ந்ததே. பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்க, மாணவர் எண்ணிக்கை 2018 வாக்கில் 80 ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரின் முடிவு மற்றொரு காரணம்.

இனி, நிதி. அரசு நிலத்தில் அமைந்த பள்ளி முழு உதவி பெறும். தோட்ட நிலத்திலோ தனியார் நிலத்திலோ அமைந்த பள்ளி பகுதி உதவியே பெறும். தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பான்மை இரண்டாம் வகை. ஆசிரியர் ஊதியம் இரண்டிற்கும் உண்டு. ஆனால், பகுதி உதவிப் பள்ளியில் கட்டடச் சுமையின் பெரும்பகுதி பள்ளி வாரியத்தின் மீதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மீதும் விழுகின்றது. பாட மானியமோ மாணவர் தலையை எண்ணி வருவது. மாணவர் குறைந்தால் மானியமும் குறையும். 150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' எனும் பட்டியலில் சேரும். மேலும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்த வேண்டி வரும்.

தேர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். 1988 முதல் யு.பி.எஸ்.ஆர். தேர்வே நம் பள்ளிகளின் அளவுகோலாக இருந்தது. எத்தனை 'ஏ' என்று சுவரொட்டி ஒட்டிப் பெற்றோரை ஈர்த்தோம். 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. இனி வாசிப்பும் எழுத்தும் கணக்கும் பிள்ளைக்கு உண்மையில் வருகின்றனவா என்பதைக் கொண்டே பெற்றோர் நம்மை அளப்பர். அளக்கட்டும், அது நியாயமே.

பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை நம் பள்ளிகள். அடுத்த ஆண்டுப் பதிவில் பத்துப் பிள்ளைகள் கூடினால் ஒரு சிறு பள்ளி நிலைபெறும். ஆசிரியர்கள் தரத்தைக் காப்போம்; பெற்றோர்கள் பிள்ளைகளைத் தாருங்கள்.