அமீன்கள்: மிளகும் அவுரியும் தந்த வேதியியல்

அமீன்கள் என்பவை அம்மோனியாவின் வழிவந்த கரிமச் சேர்மங்கள். அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று விலகி அந்த இடத்தில் கார்பன் தொகுதி ஒன்று வந்து அமர்ந்தால் அது ஓரிணைய அமீன். இரண்டு விலகினால் ஈரிணைய அமீன், மூன்றும் விலகினால் மூவிணைய அமீன். நைட்ரஜன் நான்காவது தொகுதி ஒன்றையும் ஏற்று நேர்மின்சுமை பெறுவதுண்டு. அது நான்கிணைய அம்மோனியம் உப்பு. முதல் மூன்று வகைகளிலும் அமீனின் குணத்தைத் தீர்மானிப்பது, பிணைப்பில் சேராமல் நைட்ரஜனிடம் தங்கியிருக்கும் ஒரு சோடி எலக்ட்ரான்கள்தான்.

இந்தச் சேர்மங்களின் வரலாற்றை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் தொடங்குவது வழக்கம். பாச்சலூர்த் தோட்டம் ஒன்றிலிருந்தும் தொடங்கலாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறினால் வரும் பாச்சலூர், பழனி மலைத்தொடரின் கீழ்மலை ஊர்களில் ஒன்று. இங்கே தரையில் காப்பி நிற்கும், அதற்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், இடையிடையே மலைவாழை. காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை ஜெர்மனியின் ருங்கே பிரித்தெடுத்ததும், மிளகிலிருந்து பைப்பரினை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்ததும் ஒரே ஆண்டில், 1819இல். ஓர்ஸ்டெட் மறு ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டு இயற்பியலில் அழியாப் பெயர் பெற்றார். ருங்கே 1834இல் நிலக்கரித் தாரிலிருந்து அனிலீனைப் பிரித்தார். அமீன்களின் கதையில் அவர் இரண்டு முறை வருகிறார்.

பைப்பரினைப் புதிய தாவரக் காரம் என்றே ஓர்ஸ்டெட் அறிவித்தார். ஆனால் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும் காரத்தன்மை அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. பைப்பரினில் நைட்ரஜனை ஒட்டி ஆக்சிஜன் ஏந்திய ஒரு கார்பன் இருக்கிறது. நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் சோடியை அது தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால், அமிலத்தின் புரோட்டானைப் பற்றிக்கொள்ள நைட்ரஜனிடம் எலக்ட்ரான் மிஞ்சுவதில்லை. இப்படிக் கட்டுண்ட அமைப்பின் பெயர் அமைடு. மிளகு நாக்கைச் சுடுவதும் இந்த அமைடு உருவில்தான்.

கட்டை அவிழ்த்தால் கதை மாறிவிடும். பைப்பரினை ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் அது இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி பைப்பரிக் அமிலம். மறு பாதி 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள நிறமற்ற நீர்மம். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் வளையமாகக் கைகோத்த இந்த ஈரிணைய அமீனை 1850இல் ஸ்காட்லாந்தின் தாமஸ் ஆண்டர்சனும், 1852இல் பிரான்சின் காஊரும் தனித்தனியே கண்டார்கள். பைப்பரிடின் என்று பெயர் வைத்தவர் காஊர். மிளகைக் குறிக்கும் லத்தீன் சொல்லான பைப்பர் கிரேக்கம் வழியாக வந்தது. அதன் மூலம் பிப்பலி என்னும் வடசொல், நம் நாட்டு மருந்துக்கடைத் திப்பலி. தாய்ச்சேர்மத்துக்கு இல்லாத காரத்தன்மை பைப்பரிடினுக்கு நிறையவே உண்டு. அம்மோனியாவைவிட ஏறத்தாழ எழுபது மடங்கு வலிய காரம் அது.

அனிலீனின் பெயரும் நம் பக்கத்துச் செடியின் வழி வந்ததே. நீலம் என்ற சொல் அரபியில் அன்-நீல் ஆகி, போர்த்துகீசியரிடம் அனில் ஆயிற்று. 1826இல் உன்வர்டோர்பன் அவுரி நீலத்தைச் சூடாக்கி வடித்தபோது ஓர் எண்ணெய் கிடைத்தது. ருங்கே தாரில் கண்டதும் அதே பொருள்தான், பெயர் மட்டும் வேறு. 1840இல் ஃபிரிட்சே அவுரி நீலத்தைக் காரத்துடன் சிதைத்து மீண்டும் அதைப் பெற்று அனிலீன் என்றார். 1842இல் ரஷ்யாவின் சீனின் நைட்ரோபென்சீனை ஒடுக்கி அதையே செய்து வேறொரு பெயர் சூட்டினார். நான்கும் ஒன்றே என்று 1843இல் நிறுவியவர் ஹாஃப்மன். பென்சீன் வளையம் நைட்ரஜனின் எலக்ட்ரான் சோடியைத் தன்மேல் பரப்பிக்கொள்வதால் அனிலீன் மிக மெலிந்த காரம். பைப்பரிடினோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான வேறுபாடு.

எளிய அமீன்கள் வந்தது 1849இல். பாரிஸில் வூர்ட்ஸ் ஆல்கைல் ஐசோசயனேட்டுகளைக் காரத்தால் சிதைத்து மெத்திலமீனையும் எத்திலமீனையும் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டனில் ஹாஃப்மன், அம்மோனியாவை எத்தில் அயோடைடு போன்ற ஹேலைடுகளுடன் வினைப்படுத்தி, ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாக இடம் விடுவதைக் காட்டினார். ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்ற வகைப்பாடு அங்கே பிறந்ததுதான். அவருடைய மாணவர் வில்லியம் பெர்க்கின் 1856இல், பதினெட்டு வயதில், கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். அது கைகூடவில்லை. ஆனால் தூய்மையற்ற அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது, செயற்கைச் சாயத் தொழில் தொடங்கியது.

அந்தத் தொழில் வளர்ந்து வந்து அவுரியின் வேரிலேயே கைவைத்தது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அந்த்ரனிலிக் அமிலம் என்ற அமீனிலிருந்து செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அனிலீனையே தொடக்கப்பொருளாகக் கொண்ட மலிவான வழியும் வந்துவிட்டது. அவுரியிலிருந்து பெயர் வாங்கிய பொருளே அவுரி விவசாயிகளின் பிழைப்பைப் பறித்தது. வேதியியல் பாடநூல்கள் இதை வெற்றிக் கதையாக மட்டுமே சொல்லி நகர்கின்றன. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, நீலக்கட்டி எடுத்தவர்களின் இழப்பும் அதே வரலாற்றின் பக்கம்தான். திண்டிவனம் வட்டாரத்தில் இன்னும் கொஞ்சம் அவுரி விளைகிறது.

இயல்புகளில் முதலில் தெரிவது வாடை. கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு உண்டு. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. 3 டிகிரியிலேயே கொதிக்கும் அது அறைவெப்பத்தில் வாயு. புளிக்கரைசலில் மீனை அலசினால் கவிச்சி அடங்குவது ஓர் அமில-கார வினை. புளியின் டார்டாரிக் அமிலம் அமீனை உப்பாக்கிவிடுகிறது, உப்பு ஆவியாவதில்லை. கொதிநிலையில் அமீன்கள் நடுத்தரம். ஏறத்தாழ ஒரே எடையுள்ள மூன்றில் புரொப்பேன் -42 டிகிரியிலும், எத்திலமீன் 17 டிகிரியிலும், எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கின்றன. அமீன் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றும். ஆனால் ஆல்கஹாலின் பிடி இன்னும் இறுக்கம். சிறிய அமீன்கள் நீரில் நன்றாகக் கரையும், கார்பன் சங்கிலி நீள நீளக் கரைதிறன் குறையும்.

வினைகளில் வரலாற்றுக்கு முக்கியமானது நைட்ரஸ் அமிலத்துடனான வினை. அனிலீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்துச் சோடியம் நைட்ரைட் சேர்த்தால் டையசோனியம் உப்பு கிடைக்கும். 1858இல் கிரீஸ் என்ற வேதியியலாளர் இதைக் கண்டார். அந்த உப்பை ஃபீனாலுடனோ வேறொரு அரோமேட்டிக் அமீனுடனோ இணைத்தால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் அசோ சாயங்கள். ஈரிணைய அமீன்கள் இதே அமிலத்துடன் நைட்ரசமீன்களைத் தரும். அவற்றில் பல புற்றுநோய் விளைப்பவை. குளோரோஃபார்மும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் தாங்கமுடியாத நாற்றம் கிளம்புவது ஓரிணைய அமீனுக்கான கார்பைலமீன் சோதனை.

பைப்பரிடினின் உள்ளமைப்பைத் திறந்த வினை இன்னொன்று. 1881இல் ஹாஃப்மன் அதன் நைட்ரஜனில் மெத்தில் தொகுதிகளை முழுமையாக ஏற்றி நான்கிணைய உப்பாக்கி, ஹைட்ராக்சைடாக மாற்றிச் சூடாக்கினார். வளையம் ஒரு பக்கம் அறுந்தது. அதையே திரும்பச் செய்ததும் நைட்ரஜன் முழுவதுமாக வெளியேறி, ஐந்து கார்பன் சங்கிலி மட்டும் மிஞ்சியது. அதன் பெயர் பைப்பரிலீன். அங்கேயும் மிளகின் வாசனை. தாவரக் காரங்களின் அமைப்பைக் கண்டறியப் பல பத்தாண்டுகள் வேதியியலாளர்கள் நம்பியிருந்த முறை இது.

ஐசோசயனேட்டைச் சிதைத்து அமீன் பெறும் வூர்ட்ஸின் வினைக்கு இந்தியாவில் ஒரு கொடிய மறுபிறப்பு உண்டு. போபாலில் யூனியன் கார்பைடு ஆலை, மெத்திலமீனையும் பாஸ்ஜீனையும் கொண்டு மெத்தில் ஐசோசயனேட் செய்து, அதிலிருந்து கார்பரில் பூச்சிக்கொல்லி தயாரித்தது. 1984 டிசம்பர் 2 இரவு, சுமார் 40 டன் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் ஐசோசயனேட்டைச் சிதைத்தால் மெத்திலமீனும் கார்பன் டைஆக்சைடும் உண்டாகும். அந்த வினையின் வெப்பம் மேலும் வினைகளைத் தூண்ட, அழுத்தம் ஏறி நச்சுவாயு ஊரின்மேல் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்டிருந்தது.

சாயத் தொழிலின் ஆபத்து மெதுவானது. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் ரேன், சாய ஆலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்று காண்பதைப் பதிவு செய்தார். அனிலீனைவிட பென்சிடின், நாஃப்தைலமீன் ஆகியவையே குற்றவாளிகள் என்பது பிறகு தெளிந்தது. இத்தகைய அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனியும், 1997இல் இந்தியாவும் தடை செய்தன. திருப்பூரிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடைக்கு இந்த அமீன் சோதனை இன்று வழக்கமாகிவிட்டது.

உயிர்களும் அமீன்களைச் செய்கின்றன. பாச்சலூரிலும் விளையும் மலைவாழையின் தோலைக் கீறினால் கறுக்கும். தோலில் இருக்கும் டோப்பமீன் காற்றோடு சேர்ந்து, நொதியின் உதவியால் ஆக்சிஜனேற்றம் அடைவது அதற்கு ஒரு காரணம். நம் மூளை நரம்புகள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே டோப்பமீன்தான். ஆனால் பழத்தில் உண்பது குருதி-மூளைத் தடுப்பைக் கடப்பதில்லை.

பயன்களை எண்ணி மாளாது. பாரசிட்டமால், சல்ஃபா மருந்துகள், துணி மென்மையாக்கிகள், கிருமிநாசினிகள் எல்லாமே அமீன்களின் வழியில் வருபவை. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோப்பரமைடிலும், ஒவ்வாமைக்குத் தரும் ஃபெக்ஸோஃபெனடினிலும் பைப்பரிடின் வளையம் இருக்கிறது. பைப்பரினும் மருந்தாராய்ச்சிக்குள் வந்துவிட்டது. மஞ்சளின் குர்குமினுடன் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் குர்குமினின் அளவு பன்மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுக்கு, மிளகு, திப்பலி மூன்றையும் திரிகடுகமாகப் பிற மருந்துகளோடு கூட்டிக் கொடுத்த வைத்தியர்களின் வழக்கத்தை இந்த முடிவோடு சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது.

பைப்பரிடின் செய்ய இப்போது மிளகு தேவையில்லை. 1884இல் லாடன்பர்க் பிரிடினைச் சோடியம், ஆல்கஹால் கொண்டு ஒடுக்கி அதைப் பெற்றார். இன்று ஆலைகள் பிரிடினில் ஹைட்ரஜனை ஏற்றிச் செய்கின்றன. பைப்பரினை மட்டும் இன்னும் கொடியில் விளையும் மிளகிலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்து, களத்து வெயிலில் கறுக்கக் காயவைத்த அந்த மிளகில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு பைப்பரின்.