‘கையேட்டைப் படி’ என்பது விடையாகுமா? பிஎஸ்டி இயங்குதளங்களின் உதவி மரபு குறித்து

1. சிக்கல்

தன் மடிக்கணினியில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை முதன்முறையாக நிறுவிய ஒருவர், ‘வைஃபை வேலை செய்யவில்லை, என்ன செய்ய?’ என்று மூத்த பயனர்களிடம் கேட்பதாகக் கொள்வோம். ஒருவர் தட்டச்சிட வேண்டிய கட்டளையைச் சொல்லிவிடுவார். இன்னொருவர், ‘எந்த வெளியீடு? எந்தச் சில்லு?’ என்று திருப்பிக் கேட்பார். மூன்றாமவர், ‘கையேட்டைப் படி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். யூனிக்ஸ் வழிவந்த திறமூல இயங்குதளங்களில் நெடுங்காலமாகப் பூசலுக்கு உள்ளாவது இந்த மூன்றாம் மறுமொழிதான். புதியவர் அதில் செருக்கைக் காண்கிறார். மூத்தவர் அதை ஒழுங்கு என்கிறார்.

இரு தரப்பும் சொல்லின் தொனியைப் பற்றியே வழக்காடுகின்றன. அச்சொல்லின் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கையேட்டின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்ளும் சமூகத்துக்கே ‘கையேட்டைப் படி’ என்று சொல்லும் தகுதி உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்காத இடத்தில் அச்சொல் வெறும் மறுப்பு. இதை பிஎஸ்டி குடும்பத்தின், குறிப்பாக ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகிய இரண்டின் வரலாற்றையும் நடைமுறையையும் கொண்டு நிறுவ முயல்கிறேன்.

2. நன்னூல் தரும் அளவுகோல்

வினாவையும் விடையையும் வகைப்படுத்தும் கருவி தமிழ் இலக்கண மரபிலேயே இருக்கிறது. பவணந்தியின் நன்னூல் விடையை எட்டாகப் பகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பு விடைகள்; அவை நேரே இறுக்காவிடினும் கேட்டவருக்குப் பொருளை உணர்த்துவதால் விடையென ஏற்கப்படுகின்றன.

மேலே கண்ட மூவரையும் இதில் பொருத்திப் பார்க்கலாம். கட்டளையைச் சொன்னவர் வெளிப்படை விடை தந்தார். திருப்பிக் கேட்டவர் வினாவுக்கு எதிர் வினாவினார். ‘படி’ என்றவர் தந்தது ஏவல் விடை. ஏவல் விடைக்கு நம் பள்ளிப் பாடங்கள் காட்டும் எடுத்துக்காட்டு எல்லோரும் அறிந்ததே: ‘இது செய்வாயா?’ என்று கேட்டவரிடம் ‘நீயே செய்’ என்பது. அங்கே குறிப்பால் உணர்த்தப்படுவது ‘நான் செய்யமாட்டேன்’ என்னும் மறுப்பு. ஆகவே ‘கையேட்டைப் படி’ என்பதில் மறுப்பைக் கேட்கும் புதியவர் தவறாகக் கேட்கவில்லை. ஏவல் விடையின் இயல்பான பொருளையே உணர்கிறார். அது உதவியாக மாற வேண்டுமானால், ஏவிய இடத்தில் விடை இருந்தாக வேண்டும். இச்சோதனையை ஏவியவரிடம் நடத்திப் பயனில்லை. ஏவப்பட்ட நூலிடம் நடத்த வேண்டும்.

3. ஆதரவு மறுக்கப்பட்ட இடத்தில் பிறந்த உதவி

பயனர்க்குப் பயனரே உதவும் வழக்கம் யூனிக்ஸில் கொள்கையாகத் தொடங்கியதன்று. அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு அரசுடன் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பு, தொலைபேசி நிறுவனமான ஏடி&டி வேறு தொழில்களில் இறங்குவதைத் தடுத்தது. அதன் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், பல்கலைக்கழகங்களுக்கு உரிம அடிப்படையில் மூலநிரலோடு சென்றது. ஆனால் பழுது நீக்கமோ ஆதரவோ உடன் செல்லவில்லை. கேட்க ஆளில்லாதவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். 1974இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிய பயனர் கூட்டத்திலிருந்து வளர்ந்ததே பின்னர் யூஸ்நிக்ஸ் என்று பெயர்பெற்ற சங்கம்.

அதே காலத்தில் இன்னொரு பழக்கமும் வேர்கொண்டது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பில் கட்டளை ஒவ்வொன்றும் தனிப் பக்கம் பெற்றது. அப்பக்கங்களில் ‘வழுக்கள்’ என்றே ஒரு தலைப்பு இடம்பெற்றது. கருவி எங்கே தவறும் என்பதை அதைச் செய்தவரே எழுதிவைப்பது என்பது விற்பனைப் பொருளின் விளக்க ஏட்டில் காணக் கிடைக்காத நேர்மை. பின்னாளில் ‘படி’ என்று சொல்லும் உரிமை இந்த நேர்மையிலிருந்தே முளைத்தது.

பயனர்க்குப் பயனரே உதவும் வழக்கத்துக்கு ஃப்ரீபிஎஸ்டியின் பிறப்பு இன்னும் தெளிவான சான்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி நிரலை இன்டெல் 386 கணினிகளுக்குக் கொண்டுவந்தது வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் இணையரின் 386பிஎஸ்டி. அதன் 0.1 வெளியீடு 1992இல் வந்தது. பயனர்கள் கண்ட வழுக்களும் அவர்கள் எழுதிய திருத்தங்களும் குவிந்தன. அவற்றை ஏற்கும் புதிய வெளியீடு வரவில்லை. திருத்தங்களைத் தொகுத்து ‘பேட்ச்கிட்’ என்ற பெயரில் பயனர்களே பகிர்ந்தனர். அத்தொகுப்பின் கடைசி ஒருங்கிணைப்பாளர்களான நேட் வில்லியம்ஸ், ராட் கிரைம்ஸ், ஜோர்டன் ஹப்பர்ட் ஆகியோரின் முயற்சியே 1993இல் ஃப்ரீபிஎஸ்டி ஆனது. ஒருவர்க்கொருவர் செய்த உதவி, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் தேங்கித் தேங்கி, ஒரு கட்டத்தில் தானே ஓர் இயங்குதளமாகிவிட்டது. இவ்வமைப்புகளில் உதவியைப் பொருளுக்கு அப்பாற்பட்ட கூடுதல் சேவையாக எண்ணுவது வரலாற்றுக்கே பொருந்தாது.

4. கேட்பவர் கடன்

மென்பொருளை எத்தனை பேர் நகலெடுத்தாலும் அது குறைவதில்லை. விடை சொல்பவரின் நேரம் அப்படியன்று. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடைக்காது. எனவே அந்த நேரத்தைக் காக்கும் எதிர் வினாவைக் குறுக்கு விசாரணையாக எண்ண வேண்டியதில்லை.

‘எந்த வெளியீடு?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு தருகிறது. அண்மைய இரண்டு வெளியீடுகளுக்கே திருத்தங்கள் வரும். ஆகவே ஏறத்தாழ ஓராண்டைத் தாண்டிய வெளியீட்டில் உள்ள சிக்கல் ஏற்கெனவே தீர்ந்திருக்கக்கூடும். அதைத் துருவுவது இருவர் உழைப்பையும் வீணாக்கும். ‘எந்தச் சில்லு?’ என்பதும் அப்படியே. இயங்குதளத்தின் கருவான கெர்னல், தொடங்கும்போது கண்டறியும் ஒவ்வொரு வன்பொருளையும் தன் தொடக்கப் பதிவில் எழுதுகிறது. இயக்கி கிடைக்காத வன்பொருளின் எதிரே ‘அமைக்கப்படவில்லை’ என்னும் பொருள்படும் குறிப்பு இருக்கும். மடிக்கணினியின் வணிகப் பெயரைச் சொல்வதால் பயனில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் வரலாம். அந்தப் பதிவின் ஒரு வரி, பத்து வரி வருணனைக்கு மேலானது.

பிரிட்டன் நிரலாளர் சைமன் டாதம் 1999இல் வழுவறிக்கை எழுதுவது பற்றியும், எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001இல் கேள்வி கேட்பது பற்றியும் எழுதிய வழிகாட்டிகள் இதையே வற்புறுத்துகின்றன: கண்டதைச் சொல், ஊகத்தைக் கண்டதாகச் சொல்லாதே. ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. எந்த விவரம் தேவை என்று அறிந்தவருக்கு விடையில் பாதி கைவந்துவிட்டது. அறியாதவனிடம், அறிந்தவனைப் போலக் கேள் என்பது இயலாததைக் கேட்பதாகும். அறிவுரை நூல்கள் இம்முடிச்சை அவிழ்க்கவில்லை. கருவி ஒன்று அவிழ்த்தது. ஓப்பன்பிஎஸ்டியின் ‘சென்ட்பக்’ கட்டளை வழுவறிக்கைக்கான படிவத்தைத் திறக்கும்போதே தொடக்கப் பதிவைத் தானாகச் சேர்த்துவிடுகிறது. நிர்வாகக் கணக்கிலிருந்து இயக்கினால் வன்பொருள் விவரங்களையும் திரட்டுகிறது. கேட்பவரிடம் எதிர்பார்க்கும் ஒழுக்கத்தின் ஒரு பகுதியை அமைப்பே சுமந்துகொள்கிறது. கடன் இரு பக்கமும் உண்டு என்பதற்கு இது முதற் சான்று.

5. நூலின் கடன்

இனி நூலைச் சோதிப்போம். இன்டெல் வைஃபை சில்லுகளில் ஒரு வரிசைக்கு உரிய இயக்கி ஓப்பன்பிஎஸ்டியில் ‘ஐடபிள்யூஎம்’. அச்சில்லு இயங்க, அதனுள் ஏற்றப்படும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். உரிமக் கட்டுப்பாடு காரணமாக அது நிறுவல் வட்டில் இராது. ‘எஃப்டபிள்யூ அப்டேட்’ கட்டளை இணையத்திலிருந்து அதைக் கொண்டுவரும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு இணையம் வேண்டும். கம்பி இணைப்போ, வேறு கணினியில் இறக்கிய கோப்பைச் சுமந்துவரும் யுஎஸ்பி குச்சியோ இருந்தால்தான் இந்தச் சுழலிலிருந்து வெளியேறலாம். புதியவர் தடுமாறுவது இங்கேதான்.

ஐடபிள்யூஎம்மின் கையேட்டுப் பக்கம் ஆதரிக்கும் சில்லுகளைப் பட்டியலிடுகிறது. ஃபர்ம்வேர் தேவை என்பதையும் அதைப் பெறும் வழியையும் சொல்கிறது. இயக்கி திரையில் எழுதக்கூடிய பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பொருளை விளக்குகிறது. ஃபர்ம்வேரைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால் கோப்பு இல்லாமலோ சிதைந்தோ இருக்கலாம் என்பது அங்கேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லிப் ‘படி’ என்பவர் விடையைத்தான் சொல்கிறார்.

இது தற்செயலன்று. பிஎஸ்டி அமைப்புகளில் கெர்னல், அடிப்படைக் கட்டளைகள், கையேடு ஆகிய மூன்றும் ஒரே மூலநிரல் மரத்தில் வாழ்கின்றன. நிரலை மாற்றுபவர் பக்கத்தையும் உடன் மாற்ற முடியும். மாற்றாவிட்டால் அது கண்ணில் படும். ஓப்பன்பிஎஸ்டியில் கையேட்டுப் பிழையும் வழுவாகவே நடத்தப்படுகிறது. நிறுவி முடித்ததும் பார்க்க வேண்டியவற்றுக்கு ‘ஆஃப்டர்பூட்’ என்றே ஒரு பக்கம் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியோ பக்கங்களோடு நில்லாமல் ‘ஹேண்ட்புக்’ என்னும் பெருநூலைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. மூலநிரலில் எழுதும் உரிமை பெற்றோரைப் போலவே ஆவணத்தில் எழுதும் உரிமை பெற்றோரும் அங்கே உண்டு. லினக்ஸ் உலகில் கெர்னல் ஓரிடம், கையேட்டுப் பக்கங்கள் வேறு திட்டம்; குனு கருவிகளோ ‘இன்ஃபோ’ என்னும் மற்றொரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டவை. அங்கும் சிறந்த ஆவணங்கள் உள்ளன. ஆனால் ‘கையேடு’ என்ற ஒருமைச் சொல் எதைச் சுட்டுகிறது என்று புதியவர் கேட்டால் விடை எளிதன்று. எனவே ஒரே ஏவல், இடத்துக்கு இடம் வேறு எடை பெறுகிறது.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: தன்னார்வலர் எவர்க்கும் கடன்பட்டவரல்லர்; பிஎஸ்டி உரிமமே எந்த உத்தரவாதமும் இல்லை என்று அறிவிக்கிறது. சட்டத்தில் இது சரி. ஆனால் சட்டக் கடன் இல்லாத இடத்தில் வேறு கடனே இல்லை என்பது பொருந்தாது. 386பிஎஸ்டியின் வரலாறு காட்டுவதுபோல், பயனரின் குரலை வாங்கிக்கொள்ளாத திட்டத்தை விட்டு அப்பயனர்கள் தங்கள் திருத்தங்களோடு வெளியேறிவிடுவார்கள்.

இரண்டாம் மறுப்பு: விடை சொல்வது தூய ஈகை, ஈகைக்கு விதி வகுக்கலாகாது. இங்கே கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பல் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. அப்பாச்சி வலைவழங்கிப் பயனர்கள் ஒருவர்க்கொருவர் தந்த உதவியை அவர்கள் ஆராய்ந்தனர். விடை சொல்வோர் செலவிடும் உழைப்பில் 98 விழுக்காடு அவர்களுக்கே கற்றல் பயனாகத் திரும்புகிறது என்று கண்டனர். பிறர் கேள்விகளையும் விடைகளையும் படிப்பதற்கே பெரும்பொழுது போகிறது, விடை எழுதுவது சிறுபொழுது. அப்பாச்சி இயங்குதளமன்று; எனினும் பொறிமுறை ஒத்தது. மூத்தவரைக் கற்கவைப்பது புதியவரின் கேள்வி. கேள்விகள் வற்றிய இடத்தில் கற்றலும் வற்றும். ஆகவே கேட்பவரை இரவலராகக் கருதுவது தவறு.

7. மொழி என்னும் தடை

இவ்வளவும் ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதை மறக்கலாகாது. தமிழ் இடைமுகத்தோடு லினக்ஸ் பயன்படுத்துவோர் இதை உடனே உணர்வர். மொழிபெயர்க்கப்பட்ட பிழைச் செய்தி படிக்கப் புரியும். ஆனால் அதைத் தேடினால் எதுவும் கிடைக்காது, பிறரிடம் காட்டினால் அடையாளம் தெரியாது. கட்டளையின் சூழல்மொழியை ‘சி’ என்று மாற்றி மீண்டும் இயக்கி, ஆங்கில மூலச் செய்தியைப் பெற்ற பிறகே கேள்வி கேள்வியாகிறது. மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது இதன் முடிபன்று. பிழைச் செய்தி பயனருக்குச் சொல்லப்படும் சொல்லாக இருப்பதோடு, அவர் கேட்கப்போகும் கேள்விக்குரிய பெயராகவும் இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் மொழி மாறினாலும் மாறாத எண் ஒன்று இருந்தால் இரண்டு பயனும் கிட்டும். அறியாமையைக் கடக்கக் கையேடு உண்டு. மொழியைக் கடக்க அமைப்பு இன்னும் கருவி தரவில்லை. அதுவரை, தமிழில் கேட்பவரிடம் ‘படி’ என்பவர் இரண்டு வேலைகளை ஏவுகிறார் என்பதை உணர வேண்டும்.

8. முடிவு

நன்னூலின் அளவுகோலில் ‘கையேட்டைப் படி’ என்பது ஏவல் விடை. அதன் இயல்பான குறிப்பு மறுப்பு. பிஎஸ்டி மரபு அதை உதவியாக மாற்றியது இனிய சொல்லால் அன்று; வழுக்களை ஒப்புக்கொள்ளும் பக்கம், நிரலோடு ஒரே மரத்தில் வளரும் நூல், கேட்பவரின் சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும் கருவி ஆகிய மூன்றால். இதிலிருந்து நடைமுறை விதி ஒன்று பெறப்படும். ‘படி’ என்பவர் பக்கத்தின் பெயரையும் பகுதியையும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் தானும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அங்கே விடை இருந்தால் உதவி முடிந்தது. இல்லையென்றால் அந்தக் கேள்வி கையேட்டில் ஒரு வழுவைக் கண்டுபிடித்திருக்கிறது. அதற்குரிய அறிக்கையை எழுத வேண்டியவர், ‘படி’ என்று சொல்ல வந்தவரே.